கெர்னல் மாட்யூலிலிருந்து உள்வீட்டு ஃபங்ஷனை அழைக்கும்போது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மே மாதக் கடைசியில் கிருஷ்ணகிரியில் யாருக்கும் பொறுமை இருக்காது. பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலைகளின் வாசலில் வரிசைகட்டி நிற்கும். உள்ளே ஓட்டம் ஒரு மணி நேரம் நின்றால், வெளியே வெயிலில் பழம் குழையத் தொடங்கிவிடும். அப்படி ஒரு நாளில் காவேரிப்பட்டணம் சாலையில் உள்ள ஓர் ஆலையின் மேற்பார்வையாளர் அழைத்தார். "சார், கம்ப்யூட்டரைப் புதுப்பித்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து டெம்பரேச்சர் பதிவாகவில்லை. பதிவு இல்லாமல் எக்ஸ்போர்ட் டிரம்மை மூட முடியாது. கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள்."

போய்ப் பார்த்தேன். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 10ஆம் பதிப்பு ஓடிய பெட்டியில் 12ஆம் பதிப்பு ஏறியிருந்தது. அதன் மையக்கருவான கெர்னல் 4.19 போய் 6.1 வந்திருந்தது. கூழைச் சூடேற்றும் குழாயில் உள்ள சென்சாரைப் படிக்கும் மாட்யூலை (கெர்னலோடு பிறகு ஏற்றிச் சேர்க்கும் துணை நிரல்) எப்போதோ ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அது, கெர்னல் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் உள்வீட்டு ஃபங்ஷன்களை உரிமையோடு அழைத்துக்கொண்டிருந்தது. பழைய கெர்னல் பேசாமல் இருந்தது, புதிய கெர்னல் கதவைச் சாத்திவிட்டது.

அன்று அங்கே கண்டதையும், பர்கூரில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவன் தன் புது லேப்டாப்பை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டுத் தீர்த்துக்கொண்டதையும் சேர்த்து, அறிகுறிவாரியாக எழுதுகிறேன். ஃபங்ஷன் பெயர்களை ஒலிப்படியே தமிழில் தருகிறேன். அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோடுதான் தட்ட வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

இந்த ஊரில் எக்ஸ்போர்ட் என்ற சொல்லைச் சிறு பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆலைக்குள் தொட்டி தொட்டியாகக் கூழ் இருக்கும். ஆனால் லேபிள் ஒட்டிய 215 கிலோ டிரம்மும் 3.1 கிலோ டின்னும்தான் கேட்டைத் தாண்டும். லினக்ஸ் கெர்னலிலும் அதே கதைதான். உள்ளே ஆயிரக்கணக்கில் ஃபங்ஷன்கள் இருக்கின்றன. எக்ஸ்போர்ட்_சிம்பல் அல்லது எக்ஸ்போர்ட்_சிம்பல்_ஜிபிஎல் என்ற மேக்ரோவால் பெயர் குறிக்கப்பட்டவை மட்டுமே மாட்யூலுக்குக் கிடைக்கும். சி மொழியில் 'ஸ்டாடிக் போடாத ஃபங்ஷன் எல்லோருக்கும் பொது' என்று படித்திருப்போம். அந்தப் பாடம் இங்கே செல்லாது. ஸ்டாடிக் இல்லாத ஃபங்ஷனாக இருந்தாலும், தலைப்புக் கோப்பில் (ஹெடர்) அதன் அறிவிப்பு கண்ணெதிரே இருந்தாலும், லேபிள் இல்லையென்றால் மாட்யூலுக்கு அது இல்லாத பொருள்.

லேபிள் இருக்கிறதா என்று பார்க்கும் இடம் ஒன்றே ஒன்று. ஓடும் கெர்னலுக்குரிய ஹெடர் பேக்கேஜை நிறுவியிருந்தால், லிப் அடைவில் மாட்யூல்ஸ், அதற்குள் உங்கள் கெர்னல் எண், அதற்குள் பில்ட் என்று போனால் மாட்யூல்.சிம்வெர்ஸ் என்ற கோப்பு கிடைக்கும். வரிக்கு ஒரு சிம்பல்: முதலில் சரிபார்ப்பு எண், பிறகு பெயர், எந்த மாட்யூலில் இருக்கிறது, எந்த வகை எக்ஸ்போர்ட், கடைசியில் நேம்ஸ்பேஸ். கிரெப் என்ற தேடல் கட்டளையில் முழுச்சொல் தேடல் கொடுத்துப் பாருங்கள். வரி வராவிட்டால் அந்த ஃபங்ஷன் உங்களுக்குத் திறந்துவைக்கப்படவில்லை. கீழே சொல்லப்போகும் பாதித் தொல்லைகளை இந்த ஒரு தேடல் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். இதைச் செய்யாமல் நேராக இணையத்தில் தேடுகிறவர்கள்தான் முதல் நாளே பின்வாசல் வழியைக் கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

அறிகுறி: கம்பைல் செய்யும்போதே 'இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்' என்று நிற்கிறது

இது உள்வீட்டுப் பிரச்சினையே அல்ல. நீங்கள் அழைக்கும் பெயர் இந்தக் கெர்னலில் இல்லை, அல்லது வேறு தலைப்புக் கோப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பழைய மாட்யூல்களில் அடிக்கடி கண்ணில் படுகிறவை: செட்அப்_டைமர் 4.15இல் போய் டைமர்_செட்அப் வந்தது. டு_கெட்டைம்ஆஃப்டே 5.0இல் நீக்கப்பட்டது, அதன் இடத்தில் கேடைம்_கெட்_ரியல்_டிஎஸ்64 இருக்கிறது. ஐஓரீமேப்_நோகேஷ் 5.6இல் நீங்கியது, வெறும் ஐஓரீமேப் போதும்.

செய்யக்கூடாதது ஒன்று: எச்சரிக்கையை அடக்குவதற்காக நீங்களே எக்ஸ்டர்ன் என்று ஓர் அறிவிப்பை எழுதிவைப்பது. கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும், அடுத்த படியில் மாட்போஸ்ட் பிடிக்கும்.

அறிகுறி: மாட்போஸ்ட் 'அன்டிஃபைன்ட்' என்கிறது

கம்பைல் முடிந்துவிட்டது. கடைசியில் மாட்போஸ்ட் என்ற கருவி, உங்கள் மாட்யூல் கேட்கும் ஒவ்வொரு பெயரையும் சிம்வெர்ஸ் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லாத பெயரைச் சொல்லி நிறுத்திவிடுகிறது. ஆலையில் எனக்கு வந்தவை இரண்டு: ஸ்கெட்_செட்ஸ்கெட்யூலர், கால்சிம்ஸ்_லுக்அப்_நேம்.

முதலாவதைப் பாருங்கள். சென்சாரைப் படிக்கும் கெர்னல் த்ரெட்டுக்கு (தனியாக ஓடும் வேலைச் சரடு) ரியல்டைம் முன்னுரிமை கொடுக்க இதை அழைத்திருக்கிறார்கள். 4.19இல் இது எக்ஸ்போர்ட் ஆகியிருந்தது. 5.9இல் எடுத்துவிட்டார்கள். ஏன் என்று தேடினால் காரணம் நியாயமானது. ஒவ்வொரு டிரைவரும் தன் இஷ்டத்துக்கு 99, 50, 20 என்று ஓர் எண்ணை எழுதிவைத்தது. மொத்தக் கணினியில் எது முந்த வேண்டும் என்று ஒரு டிரைவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே ரியல்டைம் எண் கேட்காத மூன்று ஃபங்ஷன்களைத் திறந்தார்கள்: ஸ்கெட்_செட்_ஃபைஃபோ, ஸ்கெட்_செட்_ஃபைஃபோ_லோ, ஸ்கெட்_செட்_நார்மல். முதலாவது நடுவாந்தரமாக 50 கொடுக்கும், இரண்டாவது அடிமட்டமான 1 கொடுக்கும். அதற்கு மேல் மாற்ற வேண்டுமானால் கணினியின் நிர்வாகி சிஎச்ஆர்டி (chrt) கட்டளையில் மாற்றிக்கொள்ளலாம். மாட்யூலில் நான்கு வரிகளை அழித்து ஒரு வரி எழுதினேன். அந்தப் பிழை போய்விட்டது.

இரண்டாவது கொஞ்சம் வில்லங்கம். கால்சிம்ஸ்_லுக்அப்_நேம் என்பது பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தரும் ஃபங்ஷன். லேபிள் ஒட்டாத சரக்கையும் எடுத்துக்கொடுக்கும் கிடங்குச் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020இல் வெளிவந்த 5.7 கெர்னலில் வில் டீக்கன் அளித்த திருத்தத்தால் அந்தச் சாவி வெளியாரிடமிருந்து வாங்கிக்கொள்ளப்பட்டது. ஆலை மாட்யூல் அந்தச் சாவியை வைத்து எதைத் திறந்தது என்று பார்த்தேன். ஃபைண்ட்_டாஸ்க்_பை_விபிஐடி. அளவு வந்ததும், பதிவெழுதும் நிரலுக்கு ஒரு சிக்னல் அனுப்ப அதன் டாஸ்க்கை (ஓடும் நிரலுக்குக் கெர்னல் வைத்திருக்கும் பதிவு) தேடுவதற்காக.

இதற்கா கிடங்கை உடைத்தார்கள் என்றுதான் தோன்றியது. ஃபைண்ட்_கெட்_பிஐடி எக்ஸ்போர்ட் ஆன ஃபங்ஷன். அது தரும் பிஐடி கட்டமைப்பை அப்படியே கில்_பிஐடியிடம் கொடுத்தால் சிக்னல் போய்விடும். வேலை முடிந்ததும் புட்_பிஐடி. டாஸ்க்கைத் தொடவே வேண்டியதில்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது. பழைய வழியில் ஃபைண்ட்_டாஸ்க்_பை_விபிஐடியை ஆர்சியு பூட்டுக்குள் வைத்து அழைக்க வேண்டும். அப்படி அழைக்காவிட்டால், தேடிக் கண்டுபிடித்த டாஸ்க் நாம் கை வைப்பதற்குள் முடிந்து மறைந்துபோகலாம். அந்த மாட்யூலில் பூட்டே இல்லை. "பழைய பெட்டியும் எப்போதாவது உறைந்துவிடும் சார், அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்" என்று மேற்பார்வையாளர் போகிறபோக்கில் சொன்னார். காரணம் இதுதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் என் சந்தேகம் முழுக்க இதன் மேல்தான்.

ஆகவே இந்த அறிகுறிக்கு என் முறை இதுதான். விடுபட்ட பெயரைத் தேடாதீர்கள். அந்தப் பெயரை வைத்து உங்கள் மாட்யூல் என்ன காரியம் சாதிக்கிறது என்று ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு அதே காரியத்தைச் செய்யும், கெர்னலுக்குள்ளேயே இருக்கும் வேறொரு டிரைவரைத் தேடிப் படியுங்கள். மாட்யூலாகக் கம்பைல் ஆகும் டிரைவர் எதை அழைக்கிறதோ அது நிச்சயம் எக்ஸ்போர்ட் ஆனது. ஒரு த்ரெட்டை ஒரு குறிப்பிட்ட சிபியுவில் கட்டிப்போட ஸ்கெட்_செட்அஃபினிட்டி கிடைக்காது, ஆனால் கேத்ரெட்_பைண்ட் கிடைக்கும். பயனர் கொடுத்த கோப்பைப் படிக்க சிஸ்_ஓபனைத் தேடி அலைய வேண்டாம், ஃபில்ப்_ஓபனும் கெர்னல்_ரீடும் இருக்கின்றன. (கெர்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு கோப்பைப் படிக்கத்தான் வேண்டுமா என்பது தனிச் சண்டை.)

இதே அன்டிஃபைன்ட் பிழை வேறு காரணத்தாலும் வரும். நீங்கள் அழைப்பது உங்களுடைய இன்னொரு மாட்யூலின் ஃபங்ஷனாக இருந்தால், அந்த மாட்யூலைக் கம்பைல் செய்தபோது உண்டான சிம்வெர்ஸ் கோப்பின் வழியைக் கேபில்ட்_எக்ஸ்ட்ரா_சிம்பல்ஸ் என்ற மாறியில் கொடுக்க வேண்டும். 'ஜிபிஎல்-ஒன்லி சிம்பல்' என்று செய்தி வந்தால் (ஜிபிஎல் என்பது கெர்னலின் திறந்த உரிமம்) பெயர் இருக்கிறது, உங்கள் மாட்யூல்_லைசென்ஸ் வரிதான் ஒத்துவரவில்லை என்று பொருள். அந்த இடத்தில் ஜிபிஎல் என்று பொய்யாக எழுதி உள்ளே நுழைவது தொழில்நுட்பத் தீர்வல்ல. அது உரிமம் பற்றிய கேள்வி. 'நேம்ஸ்பேஸ்' என்ற சொல் செய்தியில் தென்பட்டால், மாட்யூல்_இம்போர்ட்_என்எஸ் என்ற மேக்ரோவில் அந்த நேம்ஸ்பேஸ் பெயரைக் கொடுங்கள். 6.13 முதல் அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும், அதற்கு முன் குறி இல்லாமல். இந்தச் சின்ன மாற்றத்தில் சிக்கி அரை நாளைத் தொலைப்பவர்கள் உண்டு.

அறிகுறி: இன்ஸ்மாட் மாட்யூலை ஏற்ற மறுக்கிறது

மாட்யூலை ஏற்றும் கட்டளையான இன்ஸ்மாட் திரையில் சொல்வதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அது ஒற்றை வரியில் மழுப்பும். கெர்னல் லாக்கில்தான் உண்மை இருக்கும்.

லாக்கில் 'அன்னோன் சிம்பல்' என்று வந்தால், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். கழித்தல் 2 என்றால் அந்தப் பெயர் கிடைக்கவே இல்லை. அதைத் தரும் மாட்யூல் இன்னும் ஏறவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். இன்ஸ்மாட் சார்ந்திருக்கும் மாட்யூல்களைத் தானாக ஏற்றாது. டெப்மாட் ஓட்டிவிட்டு மாட்ப்ரோப்பைப் பயன்படுத்துங்கள். கழித்தல் 22 என்றால் பெயர் இருக்கிறது, சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை. அதற்கு மேல் வரியிலேயே 'டிஸக்ரீஸ் அபவுட் வெர்ஷன்' என்ற புலம்பல் இருக்கும். வேறு கெர்னலின் ஹெடரோடு கம்பைல் செய்திருக்கிறீர்கள். பழைய கோப்புகளை மேக் கிளீன் செய்து துடைத்துவிட்டு, ஓடும் கெர்னலின் ஹெடரோடு திரும்பச் செய்யுங்கள். 'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மேட்' என்பதும், லாக்கில் 'வெர்ஷன் மேஜிக்' என்று இரண்டு எண்களை அருகருகே காட்டுவதும் அதே குடும்பம்தான்.

'கீ வாஸ் ரிஜெக்டட்' அல்லது வெறும் 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்றால் காரணம் செக்யூர் பூட், அதாவது கையெழுத்திடாத நிரலைத் தடுக்கும் காவல். பர்கூர் தம்பி முதலில் விழுந்த குழி இதுதான். ரூட்டாக இருந்தும் அனுமதி இல்லை என்கிறதே என்று இரண்டு நாள் அனுமதிகளை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். மோக்யூட்டில் கட்டளையில் செக்யூர் பூட்டின் நிலையைப் பாருங்கள். சொந்தச் சாவி ஒன்றை உண்டாக்கி, மோக்யூட்டில் வழியாகப் பதிந்து, மீண்டும் பூட் ஆகும்போது நீலத் திரையில் அதை உறுதிசெய்து, மாட்யூலில் அந்தச் சாவியால் கையெழுத்திட வேண்டும். படிப்பதற்காக மட்டும் வைத்திருக்கும் கணினியென்றால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடலாம்.

அறிகுறி: கால்சிம்ஸ் கோப்பில் எல்லா முகவரியும் பூஜ்யமாக இருக்கிறது

கெர்னல் ஃபங்ஷன்களின் முகவரிப் பட்டியலான, ப்ராக் அடைவில் உள்ள கால்சிம்ஸ் கோப்பைச் சாதாரணப் பயனராகத் திறந்தால் பதினாறு பூஜ்யங்கள்தான் தெரியும். சூடோ போட்டுத் திறங்கள். அப்போதும் பூஜ்யமென்றால் கேபிடிஆர்_ரெஸ்ட்ரிக்ட் என்ற அமைப்பு 2 ஆக இருக்கிறது, அதை 1 ஆக்கினால் ரூட்டுக்குத் தெரியும். மாட்யூலுக்குள்ளிருந்து பிரின்ட்கே வழியாக முகவரியை அச்சிட்டால் சம்பந்தமில்லாத எண் வருகிறதா? 4.15 முதல் விழுக்காட்டுக் குறியும் சின்ன பி-யும் முகவரியைக் குழப்பித்தான் காட்டும். சோதனைக்கு மட்டும் அதனோடு எக்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள், அனுப்பும் முன் எடுத்துவிடுங்கள்.

முகவரி தெரிந்துவிட்டதே, அந்த எண்ணையே நிரலில் எழுதிவிடலாமே என்ற ஆசை வரும். கேஏஎஸ்எல்ஆர் ஒவ்வொரு பூட்டிலும் கெர்னலை வேறோர் இடத்தில் உட்காரவைக்கும். எக்ஸ்86இல் 4.12 முதல் அது இயல்பாகவே செயலில் இருக்கிறது. இன்று ஓடும், நாளைக் காலை மின்சாரம் போய் வந்த பிறகு விழும்.

அறிகுறி: லுக்அப் ஃபங்ஷனே கிடைக்கவில்லை, கேப்ரோப் வழியும் தடுமாறுகிறது

5.7க்குப் பிறகு எல்லோரும் கையில் எடுத்த வழி கேப்ரோப். பிழைதேடுவதற்காக ஏறக்குறைய எந்தக் கெர்னல் ஃபங்ஷனிலும் ஒரு முள்ளைச் செருகிவைக்கும் வசதி அது. ரெஜிஸ்டர்_கேப்ரோப் ஜிபிஎல் மாட்யூல்களுக்குத் திறந்தே இருக்கிறது. கேப்ரோப் கட்டமைப்பில் சிம்பல்_நேம் என்ற இடத்தில் பெயரை எழுதிப் பதிவு செய்தால், ஆட்ர் என்ற இடத்தில் கெர்னல் தானே முகவரியை நிரப்பிக்கொடுக்கும். அதைக் குறித்துக்கொண்டு, உடனே பதிவை நீக்கிவிடுவது.

இதை ஒரு கருவியாக நான் வெறுக்கவில்லை. ஒரு ஃபங்ஷன் உள்ளே எப்படி நடந்துகொள்கிறது என்று என் மேசையில் பார்ப்பதற்கு இதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் கூழ் ஓடும் குழாயின் வெப்பநிலையை நம்பிக் கொடுத்திருக்கும் பெட்டியில் இதை வைக்க மாட்டேன்.

பதிவு கழித்தல் 2 என்று திரும்பினால் பெயர் இல்லை. கழித்தல் 22 என்றால் அந்த இடத்தில் முள் செருக அனுமதி இல்லை. மாறிகளைத் தேடுகிறீர்கள் என்றால் கேப்ரோப் உதவாது, அது நிரல் வரிகளுக்கானது. திரும்பிய எண்ணைச் சோதிக்காமல் முகவரியை அழைக்கும் மாட்யூல்களை நிறையப் பார்த்துவிட்டேன். அடுத்த அறிகுறியின் முதல் காரணமே அதுதான்.

பெயர் இல்லை என்று வந்தால் கால்சிம்ஸில் கண்ணால் தேடுங்கள். நடுவில் உள்ள எழுத்தைக் கவனியுங்கள். பெரிய டி (T) என்றால் பொதுவான ஃபங்ஷன், சின்ன டி (t) என்றால் ஸ்டாடிக். (பெரிய டி-யைப் பார்த்துவிட்டு எக்ஸ்போர்ட் ஆகியிருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள், அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.) ஸ்டாடிக் ஃபங்ஷனைக் கம்பைலர் அழைக்கும் இடத்திலேயே கரைத்துவிட்டிருந்தால் பெயரே இருக்காது. இல்லாத பொருளை எந்தச் சாவியாலும் எடுக்க முடியாது.

அறிகுறி: முகவரி கிடைத்தது, அழைத்தவுடன் ஊப்ஸ்

விஷயம் கனமானது இங்கேதான். ஊப்ஸ் என்பது கெர்னல் தன் நிரலில் விழுந்ததும் லாக்கில் எழுதும் பிழைச்செய்தி. அதில், விழுந்த இடத்தைக் காட்டும் ஆர்ஐபி என்ற வரியிலிருந்து தொடங்குங்கள்.

ஆர்ஐபி பூஜ்யம் என்றால், வெறும் பாயின்டரை அழைத்திருக்கிறீர்கள். லுக்அப் தோற்றதை நீங்கள் சோதிக்கவில்லை.

பக்கம் கிடைக்கவில்லை என்ற வகைப் பிழை வந்து, முகவரி பார்க்கச் சரியானதாகவே இருந்தால், அந்த ஃபங்ஷனின் மூலநிரலில் இனிட் என்ற குறி இருக்கிறதா பாருங்கள். பூட் ஆகும்போது மட்டும் வேண்டிய அத்தகைய ஃபங்ஷன்களைக் கெர்னல் பூட் முடிந்ததும் நினைவகத்திலிருந்து விடுவித்துவிடும். பெயர் பட்டியலில் நிற்கும், வீடு இடிந்திருக்கும்.

ஃபங்ஷனுக்குள் போய், நடுவில் எங்கோ விழுந்தால், பெயரின் வாலைப் பாருங்கள். புள்ளி ஐஸ்ரா, புள்ளி கான்ஸ்ட்ப்ராப், புள்ளி பார்ட் என்று முடிகிறதா? ஜிசிசி கம்பைலர் அந்த ஃபங்ஷனை அறுத்துத் தைத்திருக்கிறது. ஐஸ்ரா என்றால் அளவுருக்களையே மாற்றியிருக்கலாம். பாயின்டர் கேட்ட இடத்தில் இப்போது அது சுட்டும் மதிப்பை எதிர்பார்க்கும். மூலநிரலில் உள்ளபடி நீங்கள் பாயின்டரைக் கொடுத்தால் விழத்தான் செய்யும். இதற்குப் பரிகாரம் கிடையாது, அந்த ஃபங்ஷனை விட்டுவிடுங்கள். வால் இல்லையென்றால், அதே பெயர் பட்டியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஸ்டாடிக் ஃபங்ஷன்கள் ஒரே பெயரில் வெவ்வேறு கோப்புகளில் இருக்கலாம். லுக்அப் ஏதோ ஒன்றைத்தான் கொடுக்கும், அது உங்களுடையது என்று சொல்ல முடியாது. அதுவும் இல்லையென்றால், நீங்கள் எழுதிய ஃபங்ஷன் பாயின்டரின் வகையை ஓடும் கெர்னலின் அதே பதிப்பு மூலநிரலோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சிஸ்டம் கால் (நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் வாசல்) ஃபங்ஷன்களை நேராக அழைத்தவர்கள் 4.17இல் இப்படித்தான் மாட்டினார்கள். 64 பிட் எக்ஸ்86இல் அன்று முதல் அவை தனித்தனி அளவுருக்களை வாங்குவதில்லை. ரெஜிஸ்டர்கள் அடங்கிய பிடி_ரெக்ஸ் கட்டமைப்பின் முகவரி ஒன்றை மட்டும் வாங்குகின்றன.

இனி, தம்பியின் லேப்டாப்பில் வந்தது. "அண்ணா, கல்லூரி லேபில் ஓடிய அதே மாட்யூல்தான். என் லேப்டாப்பில் மட்டும் மிஸ்ஸிங் எண்ட்பிஆர் என்று செத்துப்போகிறது" என்றான். முகவரியை அச்சிட்டுக் கால்சிம்ஸில் உள்ளதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சரியாக 4 கூடுதலாக இருந்தது.

நடந்தது இது. இன்டெலின் 11ஆம் தலைமுறை டைகர் லேக் முதலான சிபியுக்களில் ஐபிடி என்ற காவல் உண்டு. பாயின்டர் வழியாக ஓர் இடத்துக்குத் தாவினால், அங்கே முதல் கட்டளை எண்ட்பிஆர் ஆக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சிபியுவே நிறுத்திவிடும். கெர்னல் தன் சொந்த நிரலுக்கு இந்தக் காவலை 5.18இல் கொண்டுவந்தது, 6.2 முதல் அந்தக் கான்ஃபிக் தெரிவு இயல்பாகவே ஆம் என்றாகிவிட்டது. எண்ட்பிஆர் கட்டளையின் நீளம் 4 பைட். கேப்ரோப் அதைத் தாண்டித்தான் முள்ளைச் செருகும், ஆகவே அது தரும் முகவரி 4 பைட் தள்ளியிருக்கும். அதற்குத் தாவினால் எண்ட்பிஆர் இல்லை என்று சிபியு பிடித்துவிடுகிறது. லேபில் இருந்தவை பழைய கணினிகள், காவலாளியே கிடையாது.

"அப்படியானால் 4 கழித்துவிட்டால் சரியாகிவிடுமா அண்ணா?" கழித்துப் பார்க்கச் சொன்னேன். லுக்அப் ஃபங்ஷனிலேயே மறுபடியும் விழுந்தது. காரணம், கெர்னல் பூட் ஆகும்போது இன்னொரு வேலையும் செய்கிறது. எக்ஸ்போர்ட் ஆகாத, கெர்னலுக்குள்ளும் யாரும் பாயின்டர் வழியாக அழைக்காத ஃபங்ஷன்களின் எண்ட்பிஆரைத் தேடி அழித்து, அந்த இடத்தில் ஒன்றும் செய்யாத கட்டளையை வைத்துவிடுகிறது. அதாவது, வெளியார் பின்வாசலில் நுழையக்கூடிய ஃபங்ஷன்களின் வாசல்படியையே பெயர்த்துவிடுகிறது. பூட் வரியில் ஐபிடி=ஆஃப் கொடுத்தால் காவல் போய்விடும். படிப்பு லேப்டாப்பில் கொடுத்துக்கொள், வேறு எங்கும் கொடுக்காதே என்று சொல்லிவைத்தேன்.

கிளாங் என்ற வேறொரு கம்பைலரில் கம்பைல் செய்த கெர்னல்களில், முக்கியமாக ஆண்ட்ராய்டு போன்களில், இதே வகை அடி 'சிஎஃப்ஐ ஃபெயிலியர்' என்ற பெயரில் விழும். அங்கே சோதனை இன்னும் கடுமை: பாயின்டரின் வகையும் ஃபங்ஷனின் வகையும் ஒன்றாக இருக்க வேண்டும். வாய்ட் பாயின்டர் என்று பொதுவாக எழுதித் தப்பிக்க முடியாது.

ஊப்ஸ் இல்லாமல் 'ஷெட்யூலிங் வைல் அடாமிக்' என்று லாக் நிறைந்தால், முகவரியும் வகையும் சரி, அழைத்த இடம்தான் தவறு. ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டோ இன்டரப்ட்டுக்குள் இருந்தோ தூங்கக்கூடிய ஃபங்ஷனை அழைத்திருக்கிறீர்கள். எக்ஸ்போர்ட் ஆன ஃபங்ஷன்களில் பலவற்றுக்கு, எந்தப் பூட்டோடு எங்கிருந்து அழைக்கலாம் என்ற குறிப்பு மூலநிரலில் மேலேயே இருக்கும். உள்வீட்டு ஃபங்ஷனுக்குப் பெரும்பாலும் எழுதியிருக்காது. அதை எழுதியவரும் அழைப்பவரும் ஒரே கோப்பில் இருப்பதால் எழுத வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஃபங்ஷனின் உடலைப் படித்து, மைட்_ஸ்லீப், மியூடெக்ஸ், ஜிஎஃப்பி_கெர்னல், லாக்டெப்_அசர்ட் போன்ற சொற்களைத் தேடிக்கொள்வதுதான் வழி.

அறிகுறி: எல்லாம் சரியாக ஏறியது, ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை

சிஸ்டம் கால்களின் அட்டவணையான சிஸ்_கால்_டேபிளைத் தேடிப்பிடித்து, அதில் தன் ஃபங்ஷனைச் செருகுகிறவர்களுக்கு வரும் அறிகுறி. அந்த அட்டவணை 2.5.41இலேயே எக்ஸ்போர்ட் பட்டியலிலிருந்து போய்விட்டது. 2024இல் வந்த 6.9இலிருந்து 64 பிட் எக்ஸ்86 சிஸ்டம் கால்களை அட்டவணை வழியாக அழைப்பதே இல்லை, நேரடியான ஸ்விட்ச் கூற்று ஒன்று பார்த்துக்கொள்கிறது. பழைய வரிசைகளுக்கும் அந்தத் திருத்தம் போயிருக்கிறது. நீங்கள் எழுதுவது யாரும் படிக்காத காகிதத்தில். அழைப்புகளைக் கவனிப்பதுதான் நோக்கமென்றால் ட்ரேஸ்பாயின்ட், எஃப்ட்ரேஸ், பிபிஎஃப் மூன்றும் அதற்கென்றே இருக்கின்றன.

அறிகுறி: ஆர்எம்மாட் 'மாட்யூல் இஸ் இன் யூஸ்' என்கிறது, இறங்க மறுக்கிறது

முன்னால் ஒரு ஊப்ஸ் நடந்திருந்தால் போராடாதீர்கள். மாட்யூலைப் பிடித்திருந்த நிரல் பிடியை விடாமலே செத்துவிட்டது, எண்ணிக்கை இனி குறையாது. பூட்டைப் பிடித்தபடி செத்திருந்தால் இன்னும் மோசம். டிஸ்க்கை சிங்க் செய்துவிட்டு மறுபடி பூட் செய்யுங்கள். இந்தச் சோதனைகளை எல்லாம் க்யூஎமு போன்ற மெய்நிகர் கணினியில் செய்தால் அந்த அலுப்பும் இல்லை.

ஆலையில் அன்று மாலை ஐந்தரை மணிக்கு மாட்யூல் ஏறியது. மாற்றியது மொத்தம் பதினோரு வரி. கெர்னல் மாறும்போதெல்லாம் தானாகக் கம்பைல் ஆகும்படி டிகேஎம்எஸ்ஸில் சேர்த்தேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை, சீசன் முடியும்வரை கெர்னல் பேக்கேஜைப் புதுப்பிக்காதபடி நிறுத்திவைத்தேன். ஜூலைக் கடைசியில் அந்தத் தடையை நீக்க வேண்டும் என்று பாய்லர் அறைக் காலண்டரில் மேற்பார்வையாளர் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார்.